‘சலூத்தே!’ என்று கிளாஸைத் தூக்குமுன்...

இத்தாலிக்காரர்கள் ஒயின் கிளாஸைக் கையில் எடுத்ததும் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள். ‘சலூத்தே!’ அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘ஆரோக்கியம்!’

‘ஆரோக்கியம்’னு சொல்லிக்கிட்டே ஆல்கஹாலைக் குடிக்கிறாங்களே, இதென்ன கூத்து என்கிறீர்களா? அந்தக் கூத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

‘குடும்பப் பத்திரிகையில் ஒயினா?’ என்று புருவத்தை உயர்த்துகிற மாமிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பையனோ பெண்ணோ இன்றைக்கு டூரினில் எம்.எஸ். படிக்கலாம். நீங்கள் அவர்களைப் பார்க்கப் போகலாம். வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டு, கேட்காமலேயே ஒரு கிளாஸை உங்கள் முன்னால் வைக்கலாம். அதைவிட முக்கியமான விஷயம், ‘ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதாமே, டெய்லி கொஞ்சம் சாப்பிடலாமாமே’ என்று நம் வீட்டு ஆண்கள் கேட்க ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் விஷயம் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. குடிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை.

விலை உயர்ந்த ஒயின்களை விட்டுவிடுவோம். அதெல்லாம் பணக்காரர்கள் பாடு. நாம் பார்க்கப்போவது ஒரு சாதாரண வீட்டு ஒயின். பெயர் ‘பார்பெரா’.

ஆஸ்தி என்றொரு ஊர்

இத்தாலியின் வடமேற்கு மூலையில் இருக்கிறது பியெமொன்தே மாநிலம். ‘மலையடிவாரம்’ என்றுதான் பெயருக்கே அர்த்தம். ஆல்ப்ஸ் மலை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் ஆஸ்தி என்று ஒரு ஊர். (நம் சொத்து, ஆஸ்தி இல்லை. ஊர்ப் பெயரே அதுதான்!) ஆஸ்தியைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைகிற கறுத்த திராட்சைதான் பார்பெரா. அந்தத் திராட்சையில் செய்கிற ஒயினுக்கும் அதே பெயர்.

இந்தத் திராட்சைத் தோட்டங்களும், அங்கங்கே பாறையைக் குடைந்து செய்த நிலவறைகளும் சேர்த்து 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டன. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பார்பெரா ஒன்றும் அதிசயமில்லை. அதே மாநிலத்தில் ‘பரோலோ’ என்று ஒரு ராஜா வீட்டு ஒயின் உண்டு. கல்யாணம், பண்டிகை என்றால் அதை எடுப்பார்கள். தினசரி சாப்பாட்டு மேஜைக்குப் பார்பெராதான். நம் வீட்டில் விருந்துக்குப் பாயசம், அன்றாடத்துக்கு மோர் என்கிற மாதிரி.

கூட்டுறவுச் சங்கங்களில் இதைச் சில்லறையாகவே ஊற்றிக் கொடுக்கிறார்கள். செக்கு எண்ணெய் வாங்க நாம் கேனைத் தூக்கிக்கொண்டு போவதுபோல அவர்கள் பெரிய கண்ணாடிக் குடுவையோடு போகிறார்கள். குழாயைத் திறந்து நிரப்பிக்கொண்டு வந்து வீட்டில் பாட்டில்களில் அடைத்து வைக்கிறார்கள். லேபிள் ஒட்டிய பாட்டிலாக சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினாலும் 5 முதல் 10 யூரோவுக்குள் நல்ல பார்பெரா கிடைத்துவிடும்.

விலை குறைவுதான். ஆனால் ஒரு காலத்தில் இந்த விலைக் குறைவே எமனாகவும் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ருசி.

புளிக்குது... ஆனா புளிக்கலை!

சினிமாவில் பார்த்துவிட்டு, ஒயின் என்றால் இனிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்துமஸ் கேக்கோடு கொடுக்கிற வீட்டு ஒயின் இனிப்பாக இருப்பதும் ஒரு காரணம். அதில் சர்க்கரையைக் கொட்டியிருப்பார்கள். பார்பெரா அப்படியில்லை. முதல் வாயிலேயே சுருக்கென்று ஒரு புளிப்பு அடிக்கும்.

இங்கேதான் நமக்கு ஒரு சௌகரியம். திராட்சையின் முக்கியமான புளிப்புச் சத்துக்கு டார்டாரிக் அமிலம் என்று பெயர். இதே அமிலம் வேறு எதில் ஏராளமாக இருக்கிறது தெரியுமோ? நம் புளியில்! எலுமிச்சையின் புளிப்பு வேறு, அது சிட்ரிக் அமிலம். தயிரின் புளிப்பு வேறு, அது லாக்டிக் அமிலம். புளியும் திராட்சையும்தான் இந்த விஷயத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆகவே ரசம் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு இது முன்பின் தெரியாத புளிப்பு இல்லை.

மற்ற திராட்சைகள் நன்றாகப் பழுத்தால் புளிப்பு இறங்கிவிடும். பார்பெரா பிடிவாதக்காரி. (இத்தாலியர்கள் இந்த ஒயினைப் பெண்பாலாகத்தான் சொல்கிறார்கள்.) எவ்வளவு கனிந்தாலும் புளிப்பை விடமாட்டாள். திராட்சைச் சாறு நொதித்து ஒயினான பிறகு இன்னொரு வேலையும் நடக்கும். பச்சை ஆப்பிளில் இருக்கிற கூரான மாலிக் அமிலத்தை ஒருவகை பாக்டீரியா, தயிரில் இருக்கிற மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். இந்த வேலை நடக்காவிட்டால் பார்பெராவை வாயில் வைக்க முடியாது, பல் கூசிவிடும்.

அடுத்தது துவர்ப்பு. வாழைக்காய் நறுக்கும்போது கையில் ஒட்டுகிற கறை, கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற பிடி... அதுதான் துவர்ப்பு. இதற்குக் காரணம் டானின். பரோலோ போன்ற ஒயின்களில் டானின் தூக்கலாக இருக்கும்; பல வருஷம் வைத்திருந்தால்தான் அடங்கும். பார்பெராவில் அது கம்மி. அதனால் புதுசாகவே குடித்துவிடலாம். அறுவடை ஆன இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிப்பதே நல்லது. ‘பழசாக ஆக நல்லது’ என்று சாதாரண பார்பெராவை வாங்கி அலமாரியில் பத்து வருஷம் பூட்டி வைத்தால் பத்து வருஷம் பூட்டி வைத்ததுதான் மிச்சம்.

எப்படி ருசி பார்ப்பது?

ஒயின் ருசி பார்ப்பவர்கள் கண்ணை மூடுவதும் கிளாஸை ஆட்டுவதும் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. மீதி இடம் வாசனைக்கு. காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு இறங்கிவிடும். வெள்ளை மேஜை விரிப்பின் மேல் சாய்த்துப் பிடித்து நிறத்தைப் பாருங்கள். பார்பெரா நல்ல அழுத்தமான கருஞ்சிவப்பு. விளிம்பில் லேசாக ஊதா ஓடினால் புதுசு. செங்கல் நிறம் தட்டினால் வயசாகிவிட்டது.

அப்புறம் ஒரு சுற்று சுற்றிவிட்டு முகர வேண்டும். சுற்றும்போது காற்றுப் பட்டு வாசனை எழும்பும். சாம்பாரைக் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டியதும் வாசம் தூக்குகிறதே, அதே கதைதான். புளிப்புச் செர்ரி, ப்ளம் பழ வாசனை வரும். நமக்குத் தெரிந்த பழத்தில் சொல்வதென்றால் நாவல்பழத்தின் சாயல். நாக்கில் சாயம் ஒட்டுவதிலும் நாவல்பழம்தான்!

முகர்ந்து பார்ப்பது வெறும் பந்தா இல்லை, அது ஒரு பரிசோதனை. நனைந்த அட்டைப்பெட்டி, ஈரம் காயாத பாய் மாதிரி வாசனை வந்தால் கார்க்கில் கோளாறு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ருசி போச்சு. ஹோட்டலில் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். அதற்காகத்தான் அவர்கள் முதலில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். வினிகர் நெடி தூக்கலாக அடித்தாலும் அப்படியே. ‘ஊத்திட்டாங்களே, வேணாம்னு சொன்னா என்ன நினைப்பாங்களோ’ என்ற நம் சங்கோசம் இங்கே தேவையில்லை.

பிறகு ஒரு சின்ன வாய். உடனே விழுங்காமல் நாலு வினாடி நாக்கு முழுக்கப் பரவவிடுங்கள். காதுக்குக் கீழே, தாடையோரத்தில் எச்சில் ஊறுகிறதா? புளிப்பு வேலை செய்கிறது. ஈறுகள் இழுத்துப் பிடிக்கின்றனவா? அது டானின். தொண்டையில் சூடு இறங்குகிறதா? ஆல்கஹால். இந்த மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருந்தால் நல்ல ஒயின். அவ்வளவுதான் சூத்திரம்!

இன்னொன்று. ஒயின் பண்ணைகளுக்கு டூர் போனால் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதில் துப்பிவிடலாம். இது மரியாதைக் குறைவே இல்லை. தொழிலாக ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். இல்லையென்றால் சாயங்காலம் வீடு போய்ச் சேர முடியுமா!

‘ரூம் டெம்பரேச்சர்’ எந்த ரூம்?

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். அது எந்த அறை? ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பியக் கல்வீட்டு அறை. அங்கே 16, 18 டிகிரிதான். ஜூலை மாசம் ஆஸ்தியில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஊர்க்காரர்களே பாட்டிலை இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். சூடாக இருந்தால் ஆல்கஹால் நெடி மூக்கைத் துளைக்கும். ஒயின் கொழகொழவென்று இருக்கும். ரொம்ப ஜில்லென்று ஆகிவிட்டால் பழ வாசனை அடங்கி, புளிப்பு மட்டும் ஈட்டி மாதிரி குத்தும்.

திறந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் கார்க்கைத் திருப்பிச் செருகி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும்.

எதோடு சாப்பிடுவது?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இத்தாலியில் ஒயின் தனியாகக் குடிக்கிற சரக்கு இல்லை, சாப்பாட்டோடு சேர்ந்த ஒன்று. மேஜையில் ஒயின் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் கட்டாயம் இருக்கும். தாகத்துக்குத் தண்ணீர், ருசிக்கு ஒயின். வெறும் வயிற்றில் ஒயினை மடமடவென்று குடிப்பவனை அவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

குளிர்காலத்தில் பியெமொன்தே வீடுகளில் ‘பாஞ்ஞா காவ்தா’ என்று ஒரு அயிட்டம் செய்வார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ‘சூடான சாறு’ என்று அர்த்தம். உப்பில் ஊறிய நெத்திலி வகை மீன், கைநிறையப் பூண்டு, ஆலிவ் எண்ணெய். மூன்றையும் மெல்லிய தீயில் பூண்டு குழைகிற வரை காய்ச்சி, அடியில் விளக்கு எரிகிற மண்சட்டியோடு மேஜை நடுவில் வைத்துவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து குடைமிளகாய், முட்டைக்கோஸ், ‘கார்தோ’ என்கிற தண்டு எல்லாவற்றையும் அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நிட்ஸா மொன்ஃபெராத்தோ என்ற ஊரில் இந்தக் கார்தோ செடியை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வெயில் படாமல் வெளுக்க வைத்து வளர்க்கிறார்கள். கூன் விழுந்த மாதிரி இருப்பதால் ‘கூனன்’ என்றே பட்டப்பெயர்!

எண்ணெயும் உப்பும் பூண்டும் தொண்டையில் கனத்துப்போய் நிற்கும்போது ஒரு வாய் பார்பெரா. வாய் அப்படியே கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். அடுத்த வாய் மறுபடி முதல் வாய் போல ருசிக்கும். எண்ணெய் மிதக்கிற குழம்பில் புளி ஏன் இருக்கிறது, மீன் வறுவலுக்கு எலுமிச்சை ஏன் பிழிகிறோம்? அதே சூட்சுமம்தான்.

தக்காளி சாஸ் போட்ட பாஸ்தா, பீட்ஸா எல்லாவற்றுக்கும் பார்பெரா பொருந்துவதற்கும் இதுவே காரணம். தக்காளியே புளிப்பு. புளிப்பு குறைந்த ஒயினை அதோடு குடித்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும். பார்பெரா ஈடுகொடுக்கும். மஞ்சள்கரு நிறையப் போட்டுப் பிசைந்த ‘தயரீன்’ என்ற மெல்லிய நூடுல்ஸ், இறைச்சியை உள்ளே வைத்துக் கிள்ளி மூடிய ‘அஞ்ஞொலொத்தி’ என்ற குட்டிக் கொழுக்கட்டை, ஆட்டுப்பாலில் செய்கிற ‘ரொபியோலா’ சீஸ்... எல்லாமே கொழுப்பு. எல்லாவற்றுக்கும் பார்பெரா.

எதோடு சேராது? காரத்தோடு. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இரண்டு மடங்காக்கிக் காட்டும். இனிப்புப் பலகாரத்தோடும் சேராது. ஜிலேபி சாப்பிட்டுவிட்டு மோர் குடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

1986: மலிவு ஒயின், விலை உயிர்

சரி, சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை.

1986 மார்ச் மாதம். மிலான் உள்பட வட இத்தாலி நகரங்களின் ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தலைவலி, வாந்தி, கண் மங்கல். சிலருக்குப் பார்வையே போய்விட்டது. சிலர் இறந்தார்கள். எல்லோரும் சாதாரண ஜனங்கள். சூப்பர் மார்க்கெட்டில் மிக மலிவான ஒயின் வாங்கிக் குடித்தவர்கள். பாட்டிலில் ‘பார்பெரா’ என்று எழுதியிருந்தது.

உள்ளே இருந்தது மெத்தனால். ஒயினில் ஆல்கஹால் அளவு குறைந்தால் விலை போகாது. இத்தாலியில் அதை ஏற்றச் சர்க்கரை சேர்க்கவும் சட்டம் அனுமதிக்காது. மெத்தனாலோ கொள்ளை மலிவு. பேராசை பிடித்த சில வியாபாரிகள் அதை ஊற்றிவிட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இன்னும் பலருக்குக் கண் போயிற்று. இத்தாலிய ஒயினை வாங்கவே வெளிநாடுகள் பயந்தன. பார்பெரா என்ற பெயரைச் சொன்னாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள்.

நமக்கு இது புரியாத கதையா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதும் இதே மெத்தனால்தான். அங்கே லேபிள் ஒட்டிய பாட்டில், இங்கே பிளாஸ்டிக் பாக்கெட். விஷம் ஒன்றே.

மெத்தனால் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. கொடுமை என்னவென்றால் உடனே தெரியாது. 12 மணி நேரம், சில சமயம் ஒருநாள் கழித்துத்தான் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி, பனிப்படலத்துக்குள் பார்ப்பது போன்ற மங்கல். யாருக்காவது குடித்த மறுநாள் இப்படி இருந்தால் ‘ஹேங்ஓவர், தூங்கினா சரியாயிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் உதவாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி. மாற்று மருந்தும் டயாலிஸிஸும் நேரத்தோடு கிடைத்தால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

ஆஸ்தி விவசாயிகள் விழுந்த இடத்திலிருந்தே எழுந்தார்கள். ரொக்கெத்தா தனாரோ என்ற கிராமத்து ஜாக்கொமோ பொலோஞ்ஞா, அந்தச் சம்பவத்துக்கு முன்பே, 1982 அறுவடையில், பார்பெராவைச் சின்ன ஓக் மரப் பீப்பாய்களில் ஊறவைத்து உசத்தியான ஒயின் செய்து காட்டியிருந்தார். மெதுவாக மற்றவர்களும் விளைச்சலைக் குறைத்துத் தரத்தைக் கூட்டினார்கள். 2008-ல் ‘பார்பெரா த ஆஸ்தி’க்கு இத்தாலியின் மிக உயர்ந்த தர முத்திரை கிடைத்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் அதுதான். பாட்டில் கழுத்தில் வரிசை எண் போட்ட ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், அரசாங்க முத்திரை மாதிரி. அது இருந்தால் பரிசோதனை தாண்டி வந்த சரக்கு. லேபிளில் ‘சுப்பெரியோரே’ என்று இருந்தால் 14 மாசமாவது வைத்திருந்து, அதில் 6 மாசம் மரப்பீப்பாயில் ஊறியது. ‘கொந்தியேனே சொல்ஃபீத்தி’ என்றால் சல்ஃபைட் கலந்தது. கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இது இழுப்பைக் கிளப்பிவிடும். கவனம்.

ஹார்ட்டுக்கு நல்லதா, இல்லையா?

ஒரே வரியில் சொல்வதென்றால், ஹார்ட்டுக்காக என்று யாரும் ஒயின் ஆரம்பிக்க வேண்டாம்.

1991-ல் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் ஆரம்பித்தது இந்தக் கதை. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் வெட்டுகிறார்கள், ஆனாலும் மாரடைப்பு குறைவு, காரணம் ரெட் ஒயின் என்றார்கள். மறு வருஷமே மருத்துவப் பத்திரிகையிலும் கட்டுரை வந்தது. திராட்சைத் தோலில் இருக்கும் ‘ரெஸ்வெரட்ரால்’தான் அந்த அமிர்தம் என்று மாத்திரை போட்டே விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, ஒயினே மூச்சாக இருக்கிற ஊரில் பார்த்துவிடுவோமே என்று இத்தாலியிலேயே பார்த்தார்கள். டஸ்கனியில் கியாந்தி ஒயின் விளைகிற பகுதியின் இரண்டு ஊர்களில், 65 வயதைத் தாண்டிய 783 பேரைத் தேர்ந்தெடுத்து, சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் அடையாளங்களை அளந்தார்கள். ஒன்பது வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. ரெஸ்வெரட்ரால் அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் மாரடைப்பிலோ புற்றுநோயிலோ ஆயுளிலோ எந்த வித்தியாசமும் இல்லை!

‘அப்போ கொஞ்சமா குடிக்கிறவங்க ஆரோக்கியமா இருக்கிறதா வந்த ஆராய்ச்சியெல்லாம்?’ நல்ல கேள்வி. அவற்றில் பலவற்றில் ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். உடம்பு கெட்டதால் குடியை நிறுத்தியவர்களும் அதற்குள் அடக்கம். அவர்களோடு ஒப்பிட்டால் யாருமே ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். தவிர, இரவு ஒரே ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்கிறவர் பெரும்பாலும் வசதியுள்ளவர். நல்ல சாப்பாடு, நடைப்பயிற்சி, டாக்டர் எல்லாம் அவருக்கு உண்டு. பெயர் மட்டும் ஒயினுக்கு.

மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம்... பட்டியல் நீளம். ‘பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை’ என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. ஒயினானாலும் விஸ்கியானாலும் உள்ளே இருக்கிற ஆல்கஹால் ஒன்றேதான்.

கணக்கு பார்க்கலாமா? இத்தாலியில் 12 கிராம் ஆல்கஹாலை ஒரு யூனிட் என்கிறார்கள். 12 சதவீத ஒயினில் அது 125 மில்லி, ஒரு சின்ன கிளாஸ். இன்றைய பார்பெரா 13, 14 சதவீதம் இருப்பதால் அதே கிளாஸ் ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும். முழு பாட்டிலில் ஆறரை யூனிட். கலோரி, கிளாஸுக்குச் சுமார் 100. ஆண்களுக்கு நாளுக்கு 2 யூனிட், பெண்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் 1 யூனிட்டுக்கு மேல் கூடவே கூடாது, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது இத்தாலிய உணவு வழிகாட்டுதல். 18 வயதுக்குக் கீழே ஒரு சொட்டும் கூடாது. இத்தாலியர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. 1970-களில் குடித்ததில் பாதிகூட இன்றைக்கு அங்கே ஓர் ஆள் குடிப்பதில்லை.

யார் கிளாஸைத் தொடவே கூடாது? கர்ப்பிணிகள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வண்டி ஓட்ட வேண்டியவர்கள். நெஞ்சு எரிச்சல் உள்ளவர்களுக்கு பார்பெராவின் புளிப்பே போதும், ராத்திரி தூக்கம் போகும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ‘பார்பெராவில் இனிப்பு இல்லையே, எனக்கென்ன?’ என்று நினைக்காதீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர், கிளிமிபிரைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் குடித்தால், கல்லீரல் ஆல்கஹாலைச் சமாளிப்பதிலேயே மூழ்கி, ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்பும் வேலையை விட்டுவிடும். நடுராத்திரியில் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்வை, தள்ளாட்டம், உளறல். பக்கத்தில் இருப்பவர்கள் ‘போதை’ என்று நினைத்துப் போர்த்திப் படுக்கவைத்துவிடுவார்கள். உயிருக்கே ஆபத்து. உங்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வாய்கூட வேண்டாம்.

குடித்தவர்கள் உடனே பல் தேய்க்கவும் வேண்டாம். புளிப்பில் எனாமல் இளகியிருக்கும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்துவிட்டு அரைமணி கழித்துத் தேயுங்கள்.

டூரின் வீட்டு மேஜையில் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது என்றுதானே யோசிக்கிறீர்கள்? கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து, ‘நோ, க்ராட்ஸியே’ என்று சிரித்தால் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர்க் கிளாஸைத் தூக்கி நீங்களும் தாராளமாக ‘சலூத்தே’ சொல்லலாம்.

மிச்சமான ஒயினை அங்கே இறைச்சி வேகவைக்கவும், ‘ரிசோத்தோ’ என்ற குழைந்த அரிசிச் சாதத்திலும் ஊற்றுவார்கள். ‘கொதிச்சா ஆல்கஹால் போயிடும்’ என்று சொல்லிக் குழந்தைக்குக் கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். கால் மணி நேரம் கொதித்த பிறகும் சுமார் 40 சதவீதம் ஆல்கஹால் உள்ளேயே இருக்கும். இரண்டரை மணி நேரம் வெந்தால்தான் 5 சதவீதத்துக்கு இறங்கும்.